தாம்பரம் கோலமும் கிண்டி கம்ப்யூட்டரும்

நைட் ஷிஃப்ட் முடிச்சு ஒரகடத்திலிருந்து வந்த கையோட இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்றேன். குரல் கரகரன்னு இருந்தா பொறுத்துக்கோங்க. நடுவுல லாரி சத்தம் கேட்டா அது வண்டலூர்–வாலாஜாபாத் ரோடு. அதை எடிட் பண்ற அளவுக்கு எனக்கு சாஃப்ட்வேர் தெரியாது.

விஷயம் எங்க அத்தை பொண்ணுகிட்ட இருந்து ஆரம்பிச்சது. பிளஸ் டூ முடிச்சிட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு லிஸ்ட் போட்டுக்கிட்டு இருக்கா. போன வாரம் ராத்திரி ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினா. நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு காலேஜோட கம்ப்யூட்டர் சயின்ஸ் டிபார்ட்மென்ட் ஆசிரியர் பட்டியல். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல 'ஆய்வுத் துறை'ன்னு ஒரு கட்டம். "அண்ணா, இங்க எல்லாருக்கும் ஒரே ரிசர்ச் ஏரியா போட்டிருக்கே, அப்படின்னா என்ன அர்த்தம்?"ன்னு கேட்டா.

பார்த்தேன். மெஷின் லேர்னிங், கிளவுட், ஐஓடி. கீழே அடுத்த பேர்: கிளவுட், ஐஓடி, மெஷின் லேர்னிங். வரிசைதான் மாறுது. நான் படிச்ச காலேஜ் பட்டியலும் இப்படித்தான் இருந்தது, அப்போ பிக் டேட்டாவும் இருந்தது. நாலு வருஷம் அந்தப் பட்டியலுக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தேன், அவள் கேட்ட கேள்வி எனக்கு ஒரு தடவை கூட வரலை.

ஒரு ஆய்வுத் துறைன்னா என்ன? அது எங்கிருந்து ஒரு டிபார்ட்மென்டுக்குள்ள வருது? யோசிச்சப்போ, நம்ம காரிடாருக்கு முக்கால் மணி நேர தூரத்துல, கிழக்குத் தாம்பரத்தில தொடங்கின ஒரு கதைதான் இதுக்கு நல்ல பதில்னு தோணிச்சு. எங்க கம்பெனி பஸ் தினமும் தாம்பரம் வழியாத்தான் வருது. நாலு வருஷமா அந்தக் காலேஜுக்கு இவ்வளவு பக்கத்துல தூங்கிக்கிட்டே போயிருக்கேன்.

சென்னைக் கிறித்துவக் கல்லூரி. 1837-ல் தொடங்கின கல்லூரி, பாரிமுனைப் பக்கத்திலிருந்து 1937-ல் தாம்பரத்துக்கு வந்தது. முந்நூற்றுச் சொச்சம் ஏக்கர், பாதிக்கு மேல புதர்க்காடு, மான் மேயும். இன்ஜினியரிங் காலேஜ் இல்லை, கலை அறிவியல் கல்லூரி. 1960-கள்ல அங்கே கணினி அறிவியல்னு ஒரு துறையே கிடையாது. இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க.

அங்கே புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி. கணிதத் துறையில் அவருடைய மனைவி ராணி சிரோமணி. கிஃப்ட் ஒரு விஷயத்தோட நிக்கிற ஆள் இல்லை. மாமல்லபுரச் சிற்பங்கள் போட்டிருக்கிற ஆடை, நகைகளை ஆராய்ந்து புத்தகம் எழுதியிருக்கார். சிந்துவெளி எழுத்தைப் பற்றி எழுதியிருக்கார். இதெல்லாம் பொழுதுபோக்கு மாதிரி தெரியும், ஆனா எல்லாத்துக்கும் அடியில ஒரே கேள்விதான் இருக்கு: கண்ணால பார்க்கிற ஒரு ஒழுங்கை எண்ணிச் சொல்ல முடியுமா?

முதல் உதாரணம் 1963. 'இன்ஃபர்மேஷன் அண்ட் கன்ட்ரோல்' என்ற ஆய்விதழ்ல அவர் எழுதிய ஒரு சின்னக் கட்டுரை, நாலு பக்கம்தான். தமிழ் உரைநடையின் என்ட்ரோப்பி பற்றியது. என்ட்ரோப்பின்னா பயப்படாதீங்க. ஒரு வரியைப் படிச்சுக்கிட்டே போறீங்க, அடுத்த எழுத்தை நான் கையால மறைச்சுடறேன். அது என்னன்னு ஊகிக்க உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்? 'வணக்க' வரைக்கும் பார்த்தா அடுத்தது 'ம்'ன்னு சொல்லிடுவீங்க, ஆச்சரியம் ரொம்பக் குறைவு. இந்த ஆச்சரியத்தைத்தான் கிளாட் ஷானன் 1948-ல் எண்ணாக மாற்றினார், 1951-ல் ஆங்கிலத்துக்கு அளந்தும் காட்டினார். பன்னிரண்டு வருஷத்துக்குள்ள அதே கேள்வி தமிழுக்கும் தாம்பரத்திலிருந்து கேட்கப்பட்டிருக்கு. இன்னைக்கு உங்க ஃபோன் கீபோர்டு அடுத்த வார்த்தையைத் தூக்கிக் கொடுக்குதே, அதுவும் இந்தக் கேள்வியோட பேரப்பிள்ளைதான்.

இப்போ ராணி சிரோமணி. 1929-ல் பிறந்தவர். அவர் எடுத்துக்கிட்டது முறைசார் மொழிகள், நம்ம சிலபஸ்ல 'தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன்'னு வருமே, அது. இந்த சப்ஜெக்டை டிஓசின்னு சொன்னாலே பாதிப் பேருக்கு அரியர் ஞாபகம் வரும். எனக்கு அரியர் இல்லை, ஆனா ஐம்பத்திரண்டு மார்க்.

சோம்ஸ்கி 1956-ல் சொன்னது இதுதான்: சில விதிகளை வெச்சு ஒரு குறியை இன்னொரு குறிக்கோர்வையா மாத்திக்கிட்டே போனா ஒரு மொழியே பிறக்கும், விதி எவ்வளவு கறாரா இருக்கோ அதைப் பொறுத்து மொழிக்கு ஒரு படிநிலை உண்டு. கீழ்ப்படியில இருக்கிறது நாம தினமும் எழுதற ரெஜெக்ஸ். கார் சேசிஸ் நம்பர்ல 17 எழுத்து இருக்கா, ஐ, ஓ, கியூ கலக்காம இருக்கான்னு பார்க்கிறேனே, அது ரெஜெக்ஸ் வேலை. அதுக்கு மேல் படியில அடைப்புக்குறிக்குள்ள அடைப்புக்குறி வர்ற மொழிகள், நம்ம புரோகிராம்கள் மாதிரி.

என் பொழைப்பு இங்க கொஞ்சம் உள்ள வருது. ரெண்டு வருஷம் முன்னாடி, பெட்டிக்குள்ள பெட்டி, அதுக்குள்ள இன்னொரு பெட்டின்னு எழுதி வர்ற ஒரு பேக்கிங் லிஸ்டை ரெஜெக்ஸ் வெச்சே பிரிச்சுடலாம்னு ரெண்டு ராத்திரி மல்லுக்கட்டினேன். எல்லா டெஸ்டும் பாஸ், நிஜ லிஸ்ட் வந்ததும் படுத்துடும். மூணாவது நாள் சீனியர் ஒருத்தர் பார்த்துட்டு, "தம்பி, எத்தனை அடுக்குன்னு தெரியாத வரைக்கும் இது ரெஜெக்ஸுக்கு அடங்காது. டிஓசி படிச்சியா இல்லையா?"ன்னார். படிச்சேன் சார், ஐம்பத்திரண்டு மார்க். அன்னைக்கு ராத்திரி பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். அங்கிருந்துதான் இந்தப் பேர்களுக்கெல்லாம் வந்து சேர்ந்தேன்.

சரி, 1969. அதே 'இன்ஃபர்மேஷன் அண்ட் கன்ட்ரோல்' இதழ்ல ராணி சிரோமணியின் கட்டுரை, 'ஈக்வல் மேட்ரிக்ஸ் லாங்குவேஜஸ்' பற்றி. விஷயம் இவ்வளவுதான். கககததத மாதிரி, எத்தனை 'க' வந்ததோ அத்தனை 'த' வரணும்னா சோம்ஸ்கியோட ரெண்டாம் படி இலக்கணம் போதும். ஆனா கககதததபபப, மூணும் சம எண்ணிக்கை, அதுவும் எத்தனை வேணும்னாலும்? முடியாது. ரெண்டை எண்ணறதுக்குள்ள மூணாவது நழுவிடும். அவருடைய வழி என்ன? மூணு தனித்தனி இலக்கணங்களை வெச்சு ஒரே நேரத்துல ஒரு அடி எடுத்து வைக்கச் சொல்றது. இவன் ஒரு 'க' போட்டா அதே கணத்துல அவன் ஒரு 'த', இன்னொருத்தன் ஒரு 'ப'. எண்ணவே வேண்டாம், சேர்ந்து நடந்தாலே போதும்.

அசெம்பிளி லைன்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இது உடனே புரியும். ஒவ்வொரு ஸ்டேஷனும் தனி வேலை செய்யும், ஆனா எல்லாம் ஒரே டாக்ட் டைம்ல நகரும்.

மூணு வருஷம் கழிச்சு இந்த 'சேர்ந்து நடக்கிற' யோசனை படங்களுக்குத் தாவுது. இலக்கணம்னா அதுவரைக்கும் ஒரே கோட்டுல ஓடற எழுத்துகளுக்குத்தான். படம் அகலமும் உயரமுமா ரெண்டு திசையில வளருதே? 1972-ல் 'கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் அண்ட் இமேஜ் பிராசஸிங்'னு ஒரு புது ஆய்விதழ் வந்தது. அதோட முதல் தொகுதியிலேயே தாம்பரத்திலிருந்து ஒரு கட்டுரை. மூணு பேர் எழுதியது: கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன். இன்னைக்கும் உலகம் முழுக்க அதை 'சிரோமணி மேட்ரிக்ஸ் கிராமர்'னு சொல்றாங்க.

அது எப்படி வேலை செய்யும்? என் சொந்த உதாரணம் சொல்றேன். கட்டம் போட்ட பேப்பர்ல 'ட' எழுதணும், எந்த அளவுல வேணும்னாலும். முதல்ல மேல் வரியில குறிகளைப் போடுங்க: இடது ஓரத்துல ஒரு 'முழு', மீதி எல்லாம் 'வெற்று', அகலம் உங்க இஷ்டம். இப்போ ஒவ்வொரு குறியும் தனக்குக் கீழே ஒரு நெடுவரிசையை வளர்க்கணும். 'முழு' ஒவ்வொரு அடியிலும் ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கும். 'வெற்று' ஒவ்வொரு அடியிலும் வெள்ளையா விட்டுக்கிட்டே வந்து, நிறுத்தற அடியில மட்டும் ஒரு கறுப்பு வைக்கும். எல்லா நெடுவரிசையும் ஒரே அடியில நிக்கணும், அதுதான் விதி. இடது பக்கம் செங்குத்தா ஒரு கோடு, அடியில படுக்கையா ஒரு கோடு. 'ட' வந்துடுச்சு. பத்துக் கட்டமோ பத்தாயிரம் கட்டமோ, விதி அதேதான்.

கோலம் இங்கதான் வருது. 1974-ல் அதே மூணு பேரும், அதே ஆய்விதழ்ல, அணி இலக்கணங்களும் கோலமும் பற்றி எழுதினாங்க. இதை முதல் தடவை படிச்சப்போ, சும்மா நம்ம ஊர்ப் பெருமைக்குக் கோலத்தைச் சேர்த்திருப்பாங்கன்னு நினைச்சேன். தப்பு. மார்கழியில வார இதழ்கள்ல கோலம் போடுவாங்களே, கீழே ஒரு வரி இருக்கும்: 15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை. அவ்வளவுதான். எங்க அம்மா அதைப் பார்த்துட்டு வாசல்ல குனிஞ்சாங்கன்னா நடுவுல 15, மேலயும் கீழயும் 14, 13ன்னு குறைஞ்சு 8-ல் நிக்கும். கூட்டிப் பாருங்க, மொத்தம் 169 புள்ளி. ஒரு வரியிலிருந்து 169 புள்ளி பிறக்குது. விதியிலிருந்து படத்தை வளர்க்கிற பழக்கம் வாசல்ல ஏற்கெனவே இருந்தது. ஆய்வாளர்கள் அதை அலங்காரமா பார்க்காம, 'இந்த விதி எந்தப் படியில இருக்கு?'ன்னு கேட்டாங்க. எந்தக் கோலக் குடும்பத்துக்கு எளிய விதி போதும், எதுக்குப் போதாதுன்னு பிரிக்க ஆரம்பிச்சாங்க. அதனாலதான் இன்னைக்கு கோட்பாட்டுக் கணினியியல் கட்டுரைகள்ல 'கோலம் அரே கிராமர்'னே ஒரு கலைச்சொல் இருக்கு.

'கிருஷ்ணனின் கால் கொலுசு'ன்னு அர்த்தம் வர்ற பேர்ல ஒரு கம்பிக்கோலம் ஆங்கில நூல்கள்ல அடிக்கடி வரும். பாசி எப்படி வளருதுன்னு விளக்க அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968-ல் ஒரு மாற்றெழுத்து முறை கொண்டுவந்தார், அதை எல்-சிஸ்டம்னு சொல்வாங்க. அந்தக் கொலுசுக் கோலத்தை எல்-சிஸ்டமா எழுதினா ஒரே ஒரு விதி: ஒரு துண்டு நாலு துண்டாகும். ரெண்டு துண்டுல தொடங்கினா அடுத்து 8, 32, 128. கோடு உடையாது, முதல் துண்டுக்கே திரும்பி வரும். செடி வளர்றதுக்கும் வாசல் கோலத்துக்கும் ஒரே இயந்திரம். கம்ப்யூட்டர்ல செடி வரையற ஆட்களோட புத்தகத்திலேயே இந்தக் கோலம் இருக்கு.

தமிழ் எழுத்துப் பக்கமும் கிஃப்ட் விடலை. அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணினி அடையாளம் காண்பது பற்றி 1978-ல் ரெண்டு சக ஆய்வாளர்களோட எழுதினார். 1983-ல் பிராமி எழுத்துக்கு. 1988-ல், 55 வயசுல காலமாகிட்டார். ராணி சிரோமணி அதுக்கப்புறமும் முப்பது வருஷத்துக்கு மேல இருந்தார், 2019-ல்தான் மறைந்தார். இடையில மேரிலாந்தின் அசிரியல் ரோசன்ஃபெல்டோட சேர்ந்து பட மொழிகள் பற்றி ஒரு மதிப்பாய்வு, அப்புறம் மறைக்குறியியல், டிஎன்ஏ கணிமை, கடைசிக் காலத்துல சென்னைக் கணிதவியல் கழகத்தில் பாடம். எல்லாத்திலும் 'விதியால் மாற்றி எழுதுதல்'தான் மாறாம இருந்தது.

இப்போ தாம்பரத்திலிருந்து கிண்டிப் பக்கம் போவோம், ஐஐடி மெட்ராஸுக்கு.

1959-ல் மேற்கு ஜெர்மனி உதவியோட தொடங்கினது. 1973-ல் ஐபிஎம் 370/155 என்ற பெரிய இயந்திரம் வருது, அதைச் சுத்திக் கணினி மையம், அதிலிருந்து கணினித் துறை. கான்பூர் ஐஐடியிலிருந்து வந்து இதை நடத்தினவர் எச்.என். மகாபலா. இன்ஃபோசிஸ் நிறுவனர்கள்ல ஒருத்தரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் அங்கே இயற்பியல் எம்.எஸ்சி. படிச்சவர், கம்ப்யூட்டருக்குத் தாவி 1979-ல் எம்.டெக். முடிச்சார். மகாபலாதான் தன்னோட வழிகாட்டின்னு பல தடவை சொல்லியிருக்கார். பொதுவா இந்தத் துறையோட வரலாற்றை எழுதறவங்க இந்த இயந்திரத்திலிருந்து தொடங்குவாங்க. தப்பில்லை. ஆனா இயந்திரம் பழசானதும் தூக்கிடுவாங்க. 370 இன்னைக்கு எங்க இருக்கு? அதோட வந்த கேள்விகள்தான் தங்கியிருக்கு, அதுவும் ஆள் வழியா.

1975-ல் ஐஐடிக்கு ஒருத்தர் ஆசிரியரா வந்து சேர்றார். அந்தக் கோலக் கட்டுரையோட மூணாவது பேர், கமலா கிருத்திவாசன், ராணி சிரோமணியிடம் ஆய்வு செய்தவர். தாம்பரத்துக் கேள்வி அவரோட சேர்ந்து இடம் மாறுது. கோட்பாட்டுக் கணினியியல்னு ஐஐடிப் பட்டியல்ல ஒரு வரி இருக்கே, அதுல ஒரு பகுதி இப்படி வந்ததுதான். 1990-கள்ல அவரே துறைத் தலைவரா இருந்தார். 2009-ல், ஆர். ரமாவோட சேர்ந்து எழுதின டிஓசி பாடப்புத்தகம் வந்தது. எங்க காலேஜ் லைப்ரரியிலும் ரெண்டு காப்பி இருந்தது. அட்டையைப் பார்த்திருக்கேன், திறக்கலை.

அதுக்கப்புறம் நடந்தது இன்னும் சுவாரசியம். 1998-ல் ருமேனியாவின் கியோர்கி பௌன் 'சவ்வுக் கணிமை'ன்னு ஒன்றைக் கொண்டுவர்றார். உயிரணுவுக்குள்ள சவ்வுகள் இருக்கில்லையா, ஒவ்வொரு சவ்வுக்குள்ளயும் தனித்தனி விதி, எல்லாம் ஒரே நேரத்துல ஓடும். சேர்ந்து நடக்கிற விதிகள், எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? 2003-ல் பௌன் பேரோட, படங்களை மாற்றி எழுதற சவ்வு முறைகள் பற்றி ஒரு கட்டுரை வருது. கூட எழுதினவங்கள்ல ஒருத்தர் கே.ஜி. சுப்பிரமணியன், தாம்பரம் கல்லூரிக் கணிதத் துறைக்காரர். இன்னொருத்தர் மது முத்யம், ஐஐடியில் கமலா கிருத்திவாசனிடம் இந்தத் துறையில் ஆய்வு செய்தவர். அவர் இப்போ அதே ஐஐடித் துறையில பேராசிரியர். பட்டியல்ல பார்த்தா 'கணினிக் கட்டமைப்பு'ன்னு இருக்கும். கோலம்னு எங்கேயும் எழுதியிருக்காது. அதனாலதான் பட்டியலை மட்டும் படிச்சா கதை தெரியாது.

இன்னொரு கோடு, சீக்கிரம் சொல்லிடறேன். 1980-ல் பி. எக்ஞநாராயணா அந்தத் துறைக்கு வர்றார், பேச்சொலி ஆய்வு. அவருடைய மாணவி ஹேமா மூர்த்தி. குரல் அலையில 'குரூப் டிலே'ன்னு, பொதுவா மத்தவங்க ஒதுக்கிவிடற ஒரு தகவலை ரெண்டு பேரும் விடாம பிடிச்சிருந்தாங்க. அதே கருவி பிறகு ஹேமா மூர்த்தி கையில இந்திய மொழிகளை வாசிக்கிற கணினிக் குரலுக்குப் போகுது, கர்நாடக சங்கீதத்துல ராகத்தை இனங்காண்கிற ஆய்வுக்கும் அந்தக் குழு போச்சு. இதுக்கே தனி எபிசோட் வேணும்.

நம்ம காரிடாருக்கு நேரா வர்ற கோடும் ஒண்ணு உண்டு. பென்னலூர்ல, ஹைவே ஓரமா இருக்கே ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி, அங்கே பி.இ. படிச்சவர் வி. காமகோடி. ஐஐடிக்குப் போய் சி. பாண்டு ரங்கனிடம் அல்காரிதத்தில் ஆய்வு. அப்புறம் அதே துறையில ஆசிரியர், 'சக்தி' பிராசஸர். 2018-ல் முதல் சிப், இன்டெல் ஆலையில தயாரானது. அடுத்து சண்டிகர் பக்கத்துல இருக்கிற நம்ம அரசு ஆலையிலேயே ஒண்ணு. 2022-லிருந்து அவர்தான் ஐஐடி இயக்குநர். வருஷத்துக்குக் கோடிக்கணக்குல ஃபோன் இந்த ரோட்டுலேருந்து போயிருக்கு, முதல்ல நோக்கியா, அப்புறம் மத்தவங்க. உள்ள இருக்கிற சிப்போட வடிவமைப்பு எப்பவும் வேற எங்கேயோ இருந்துதான் வந்தது. அதனால பென்னலூர்ல இருக்கிற ஒரு காலேஜோட பழைய மாணவர் அந்தக் கேள்வியைக் கையில எடுத்தது எனக்குப் பெரிய விஷயமாத் தெரியுது.

இப்போ சொல்லத் தயங்கிக்கிட்டே இருந்த பகுதி.

எங்களுக்கு டிஓசி எடுத்தவங்க ஒரு மேடம். பேர் வேண்டாம், காலேஜ் பேரும் வேண்டாம். ஐந்தாவது செமஸ்டர், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற முதல் ஹவர். ஒரு நாள் அவங்க போர்டுல புள்ளி வெச்சு ஒரு கோலம் போட ஆரம்பிச்சாங்க. நாலு புள்ளி, ஒரு வளையம், அப்புறம் ஒரு அம்புக்குறி, அந்த வளையத்துக்குப் பதிலா நாலு. கிளாஸே சிரிச்சது. பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "மேடம், இது செமஸ்டருக்கு வருமா?"

அந்தக் குரல் என்னோடது.

அவங்க ஒரு செகண்ட் நின்னாங்க. "வராதுப்பா"ன்னு சொல்லிட்டு டஸ்டர் எடுத்து அழிச்சாங்க. பம்பிங் லெம்மா எழுத ஆரம்பிச்சாங்க. அது பதினாறு மார்க் கேள்வி.

அந்த வருஷம் பட்டியல்ல அவங்க பேருக்குப் பக்கத்துலயும் கிளவுட், பிக் டேட்டான்னுதான் போட்டிருந்தது. அவங்க போட்டது இல்லை, நிர்வாகம் எல்லாருக்கும் போட்டது. ஏப்ரல், மே மாசங்கள்ல அவங்க ஊர் ஊராப் போய் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கணும், ஆளுக்கு இத்தனை சீட்டுன்னு கணக்கு. நாங்க ஃபைனல் இயர் போறதுக்குள்ள வேலையை விட்டுட்டாங்க.

இந்த எபிசோடுக்குத் தயார் பண்றப்போ பழைய வாட்ஸ்அப் குரூப்ல கேட்டுக் கேட்டு நம்பர் வாங்கிப் பேசினேன். படப்பையில இருக்காங்க, வீட்டுலயே கணக்கு டியூஷன். முதல்ல யாருன்னு தெரியலை. "எந்த பேட்ச்பா நீ?"ன்னாங்க. சொன்னேன். நடுவுல சாதாரணமா கேட்டேன், "மேடம், நீங்க எம்.எஸ்சி. எங்க படிச்சீங்க?"

"தாம்பரத்துல. கிறிஸ்டியன் காலேஜ். ஏன்?"

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரலை. 1972-ல் கிளம்பின ஒரு கேள்வி கிண்டிக்குப் போச்சு, ருமேனியாக்காரர் கட்டுரைக்குள்ள போச்சு, எங்க கிளாஸ் போர்டு வரைக்கும் வந்து என் ஒரு வாக்கியத்துல நின்னுபோச்சு. மன்னிப்புக் கேட்டேன். அவங்களுக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. "வருஷா வருஷம் யாராவது கேப்பீங்கப்பா, அதுக்கெல்லாம் கோவிச்சா வேலை பார்க்க முடியுமா?"ன்னு சிரிச்சாங்க.

அத்தை பொண்ணுகிட்ட ஒண்ணுதான் சொன்னேன். பட்டியல்ல எல்லாரையும் பார்க்காத. ஒரு பேரை எடு, அவங்க பத்து வருஷத்துல எழுதின தலைப்புகளை வரிசையா வெச்சுப் படி. ஒரே கேள்வி விடாம வருதா பாரு. அவங்க யார்கிட்ட படிச்சாங்கன்னும் பாரு. ரெண்டு நாள் கழிச்சு மெசேஜ் வந்தது. நாங்க லிஸ்ட்லயே வைக்காத ஒரு காலேஜ்ல ஒரு மேடம் எட்டு வருஷமா ஓலைச்சுவடி எழுத்தைக் கணினியைப் படிக்க வைக்கிறது பற்றி மட்டுமே எழுதியிருக்காங்களாம். பட்டியல்ல அவங்களுக்கும் கிளவுட்னுதான் போட்டிருக்கு. "அண்ணா, இதை எத்தனையாவது சாய்ஸ் போடறது?"ன்னு கேட்டிருக்கா. அத்தைக்கு அந்தக் காலேஜோட பிளேஸ்மென்ட் நம்பர் பிடிக்கலை. வீட்டுல இன்னும் பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு. லிஸ்டை லாக் பண்ண வியாழன் வரைக்கும் டைம்.

ஃபோனை வைக்கறதுக்கு முன்னாடி மேடம்கிட்ட கேட்டேன், அந்த நாலு வளையத்துக்கு அப்புறம் என்ன வரைய இருந்தீங்கன்னு.

"அதெல்லாம் ஃபோன்ல சொல்ல முடியாது. ஞாயித்துக்கிழமை வா, வீட்டுல போர்டு இருக்கு"ன்னாங்க.

போறேன். மைக்கையும் எடுத்துட்டுப் போறேன். அடுத்த எபிசோட்ல சந்திப்போம் மக்களே.